சூடு வேற, காத்து வேற

1/
போன வாரம் என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி பெங்களூர்ல இருந்து போன் பண்ணா. கொல்லிமலையில நிலம் வாங்கி வீடு கட்டிட்டு இருக்கா. "ஏண்டி, நீ அங்க வேலை பார்த்தவதானே? வீடு முழுக்க டக்ட் போட்டு ஏசி, ஹீட்டர், வெளிக்காத்து எல்லாம் ஒரே மெஷின்ல வர்ற மாதிரி ஒருத்தர் கொட்டேஷன் கொடுத்திருக்கார். பல லட்சம் ஆகும்ங்கறார். அந்தக் குளிருக்கு இது தேவையா?"

நான் இன்ஜினியர் இல்ல, டாக்டர். ஆனா இந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. ஒரு மார்கழி விடியற்காலையில கிடைச்ச பதில் அது. கொஞ்சம் நீளமான இழை. குளிர்காலத்துல ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்குற எல்லாரும் பொறுமையா படிங்க.

2/
கொல்லிமலை தெரியாதவங்களுக்கு: நாமக்கல் மாவட்டம், கிழக்குத் தொடர்ச்சி மலை. காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். மேல ஊர்கள் பலதும் ஆயிரம் மீட்டருக்கு மேல உயரத்துல இருக்கு. சுற்றுலா வர்றவங்க ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில் பார்த்துட்டு, மிளகும் அன்னாசியும் வாங்கிட்டு இறங்கிடுவாங்க.

ஊட்டி மாதிரி உறைபனி கொட்டுற இடம் இல்ல. ஆனா மார்கழி, தை ராத்திரி கம்பளி இல்லாம தூங்க முடியாது. நான் சமவெளிக்காரி. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம் அது.

3/
(இனி சொல்றது நடந்தது. அந்தக் குடும்பத்தோட அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

காலை அஞ்சு மணி. ஒரு ஜீப்புல நாலு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. கணவன், ஏழு மாசக் கர்ப்பிணி மனைவி, ஆறு வயசுப் பையன், கணவனோட தம்பி. நாலு பேருக்கும் மண்டையைப் பிளக்கிற தலைவலி, வாந்தி, தலைசுத்தல். பையன் துவண்டு போய் சித்தப்பா தோள்ல கிடந்தான்.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"கோழிக்குழம்புங்க மேடம். விருந்தாளி வந்திருந்தாங்க."

ஒரே வீடு, ஒரே சாப்பாடு, நாலு பேருக்கும் வாந்தி. நான் ஓ.பி. சீட்டுல என்ன எழுதியிருப்பேன்னு நீங்களே யூகிக்கலாம். ஃபுட் பாய்சன்.

4/
வாந்திக்கு ஊசி போட்டேன், டிரிப்ஸ் ஏத்தினேன். விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தேன். 98, 99, 99, 98. "ஆக்சிஜன் எல்லாம் நல்லா இருக்கு, பயப்படாதீங்க"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்.

அந்த வார்த்தை இன்னைக்கு வரைக்கும் என்னை உறுத்திட்டே இருக்கு.

5/
முக்கால் மணி நேரம் கழிச்சு அந்த வீட்டு ஆயா வந்தாங்க. கணவனோட அம்மாவைப் பெத்தவங்க. நடந்தே வந்துட்டாங்க. கம்பளியைப் போர்த்திட்டு வாசப்படியில உட்கார்ந்து இருமிட்டு இருந்தாங்க.

"ஆயா, நீங்க ராத்திரி கோழிக்குழம்பு சாப்பிடலையா?"

"தின்னனே அம்மிணி. மீந்ததையும் நான்தான் தின்னேன்."

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"எனக்கென்ன. நான் அந்தப் புது வீட்டுல படுக்கறது இல்ல. பழைய வீட்டுலதான் படுப்பேன். அங்கதான் அடுப்பு இருக்கு."

ஒரு நிமிஷம் அப்படியே நின்னேன். அப்புறம் கணவனைப் பார்த்துக் கேட்டேன்: "புது வீட்டுல ராத்திரி குளிருக்கு என்ன பண்ணீங்க?"

"சட்டியில தணல் அள்ளிட்டு வந்து ரூம்ல வச்சோம்ங்க. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்துச்சு. ஜீப்புல வர்றப்பவே கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சுங்க."

6/
கார்பன் மோனாக்சைடு.

விறகோ கரியோ முழுசா எரியப் போதுமான காத்து இல்லாதப்போ வர்ற வாயு. நிறம் இல்ல, வாசனை இல்ல, கண்ணை எரிக்காது. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் இருக்கு இல்லையா, அதுல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா இது ஒட்டிக்கும். பஸ்ல சீட் எல்லாத்தையும் இது பிடிச்சுக்கிட்டா ஆக்சிஜன் எங்க உட்காரும்? மூளை, இதயம், கர்ப்பப்பையில இருக்கிற குழந்தை எல்லாமே பட்டினி.

இதுல பெரிய ஏமாற்று வேலை ஒண்ணு இருக்கு. புகையுற விறகா இருந்தா கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறப்போம். தணல்ல புகை இல்ல. அதனால ஆபத்தும் இல்லன்னு நினைக்கிறோம். புகை நம்மளை எழுப்பிவிடும். தணல் எழுப்பாது.

7/
சரி, ஆக்ஸிமீட்டர் ஏன் 99 காட்டுச்சு? அந்தக் கருவி ரத்தத்தோட நிறத்தை வச்சுக் கணக்குப் போடுது. கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தமும் சிவப்பாவே இருக்கும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. சீட்ல ஆள் இருக்குன்னு சொல்லும், யார்னு சொல்லாது. சரியா அளக்கணும்னா அதுக்குன்னு தனி ரத்தப் பரிசோதனை வேணும்.

கொரோனாவுக்கு அப்புறம் பல வீட்டுல ஆக்ஸிமீட்டர் இருக்கு. தயவுசெஞ்சு இதை ஞாபகம் வச்சுக்கோங்க. தணல், ஜெனரேட்டர், கேஸ் கீசர் இருந்த இடத்துல ஒருத்தர் மயங்கினா அந்த 99-ஐ நம்பாதீங்க.

8/
இதுக்கு மருந்து ஆக்சிஜன்தான். சாதாரணக் காத்தை சுவாசிச்சா ரத்தத்துல இருக்கிற கார்பன் மோனாக்சைடு பாதியா குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தா ஒண்ணு, ஒன்றரை மணி நேரத்துல பாதியாகும்.

இருந்த சிலிண்டரை முதல்ல அந்தப் பொண்ணுக்கு, அடுத்தது பையனுக்குக் கொடுத்தோம். வயித்துல இருக்கிற குழந்தையோட ரத்தம் இந்த வாயுவை இன்னும் மெதுவாத்தான் விடும். அம்மா தெளிஞ்சுட்டாங்கன்னு மாஸ்க்கைக் கழட்டிடக் கூடாது. குழந்தையோட இதயத்துடிப்பு கேட்டுச்சு. வேகமா இருந்துச்சு, ஆனா இருந்துச்சு. 108-ல ஏத்தி, ஆக்சிஜனோட 70 வளைவும் இறக்கிக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

நான் இழந்தது முக்கால் மணி நேரம். ஆயா நடந்து வரலைன்னா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு தெரியாது.

9/
நாலு நாள் கழிச்சு அந்த வீட்டுக்குப் போனேன். பழைய வீடும் புது வீடும் ஒரே வாசல்ல எதிரெதிரா இருக்கு.

புதுசு காங்கிரீட். பத்துக்குப் பத்து ரூம். இரும்பு ஜன்னல், கண்ணாடி போட்டது. இடுக்குல காத்து வருதுன்னு சாக்கை மடிச்சுத் திணிச்சிருந்தாங்க. கதவுக்கு அடியிலயும் ஒரு சாக்கு. அவங்க மேல தப்பே இல்ல. காங்கிரீட் கூரை ராத்திரியில ஐஸ் மாதிரி ஆயிடும். குளிர்ல நடுங்குற குழந்தைக்காக எந்த அப்பாவும் செய்யறதைத்தான் அவர் செஞ்சார்.

பழசு மண்சுவர், புல் வேய்ஞ்ச கூரை. நடுவுல அடுப்பு. ராத்திரி பூரா கங்கு இருக்கும். ஆனா கூரைக்கும் சுவருக்கும் நடுவுல கை நுழையற அளவு சந்து. வேய்ஞ்ச புல்லு வழியாவும் புகை கசிஞ்சு வெளிய போயிடும். அடுப்புக்கு மேல பரண்ல விதைத் தானியம். புகை பட்டா பூச்சி வராது, கூரையும் மக்காதுன்னு ஆயா சொன்னாங்க.

அதே தணல். ஒரு வீட்டுல நாலு பேர் சாவோட வாசல் வரைக்கும் போனாங்க. இன்னொரு வீட்டுல ஆயா நல்லா தூங்கி எழுந்து மீந்த குழம்பைச் சாப்பிட்டாங்க. அந்தச் சந்து மட்டும்தான் வித்தியாசம்.

10/
உடனே "பழைய காலத்து வீடே சிறந்தது, முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை"ன்னு கமெண்ட் போட வேண்டாம். ஆயாவோட இருமலை மறந்துட்டீங்க.

அவங்க நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சேன். ரெண்டு பக்கமும் விசில் சத்தம். வாழ்க்கையில ஒரு பீடி பிடிச்சதில்ல. ஆனா அம்பது வருஷமா அடுப்புப் புகையில இருந்தவங்க. சி.ஓ.பி.டி.ங்கற நுரையீரல் அடைப்பு நோய் சிகரெட் பிடிக்கிற ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்றது இல்ல. நம்ம கிராமத்து அடுப்படிகள்ல இருந்தும் வருது. வீட்டுக்குள்ள வர்ற புகையால 2020-ல மட்டும் உலகத்துல சுமார் 32 லட்சம் பேர் இறந்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. நம்ம போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவுல டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு பல வருஷமா கிராமத்துச் சமையலறைப் புகையை அளந்து ஆய்வு செஞ்சிருக்காங்க.

"கேஸ் கொடுத்தாச்சே?" கொடுத்தாச்சு. 2016-ல இருந்து உஜ்வாலா திட்டத்துலயும் நிறைய வீட்டுக்கு சிலிண்டர் போயிருக்கு. அந்த வீட்டுலயும் கேஸ் அடுப்பு இருந்துச்சு. ஆனா கேஸ் அடுப்புல சமைக்கலாம், குளிர் காய முடியாது. மலையில அடுப்புக்கு ரெண்டு வேலை. நாம ஒரு வேலைக்கு மட்டும்தான் மாத்து கொடுத்திருக்கோம்.

11/
அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. வீட்டுக்குச் சூடு கொடுக்கறது ஒரு வேலை. காத்து கொடுக்கறது வேற வேலை. ஆயா வீட்டுல சூடு இருந்துச்சு, காத்தும் வந்துச்சு, ஆனா புகையும் உள்ளயே. புது வீட்டுல சூடு இருந்துச்சு, காத்து இல்ல. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிற இடத்துலதான் ஆள் சாகறாங்க.

12/
இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு. காத்தை மட்டும் கொடுத்துட்டு சூட்டை மறக்கறது.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல இறங்கினவங்க எத்தனை பேருக்கு அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு தெரியும்? 1928-ல டாக்டர் சௌரி முத்துங்கற தமிழர் அங்க காசநோயாளிகளுக்காக சானடோரியம் தொடங்கினார். மருந்து இல்லாத காலம். திறந்த ஜன்னல், நல்ல காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடு. இதுதான் அன்னைக்கு வைத்தியம்.

அதுக்கு முன்னாடி அவர் இங்கிலாந்துல மெண்டிப் மலையில ஒரு சானடோரியம் நடத்தினார். அங்க கொஞ்ச நாள் இருந்த நோயாளி ஒருத்தரை உங்க எல்லாருக்கும் தெரியும். கணிதமேதை ராமானுஜன்.

13/
அப்புறம் ராமானுஜனை மேட்லாக்ங்கற ஊர்ல இன்னொரு சானடோரியத்துல சேர்த்தாங்க. 1918-ல அங்க இருந்து நண்பருக்கு எழுதின கடிதத்துல குளிர் தாங்கலைன்னும், குளிர்காய நெருப்பு கிடைக்கலைன்னும் வேதனைப்படறார். கும்பகோணத்துப் பிள்ளை. இங்கிலாந்துக் குளிர். ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கு. அவருக்கு இருந்தது காசநோயே இல்ல, அமீபாவால வந்த கல்லீரல் பாதிப்பா இருக்கலாம்னு பிற்கால மருத்துவர்கள் சிலர் சொல்றாங்க. அப்படின்னா அந்தக் குளிரை அவர் சும்மாவே அனுபவிச்சிருக்கார்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லயே இதை யோசிச்சு எழுதியிருக்காங்க. நோயாளி ரூம்ல காத்து வெளியில இருக்கிற மாதிரி சுத்தமா இருக்கணும், ஆனா அவருக்குக் குளிரக் கூடாது. ரெண்டும் சேர்ந்துதான் விதி. நாம பாதி விதியை மட்டும் பிடிச்சுக்கிட்டோம்.

14/
அப்புறம் மருந்து வந்துச்சு. 1950-கள்ல சென்னையில நடந்த புகழ்பெற்ற ஆய்வு, காசநோய்க்கு மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா வீட்டுல இருந்தே குணமாகலாம்னு உலகத்துக்கே காட்டுச்சு. நம்ம ஊர் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனா சானடோரியத்தோட சேர்த்து ஜன்னலையும் டாக்டர்கள் மறந்துட்டோம். மருந்துச்சீட்டுல "ஜன்னலைத் திறந்து வைங்க"ன்னு எழுதறதை விட்டுட்டோம். கொரோனா வந்துதான் ஞாபகப்படுத்துச்சு.

15/
"டாக்டர், எங்க வீட்டுல தணலும் இல்ல, அடுப்பும் இல்ல. ஏசி ரூம்தான்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு.

பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம். அதுல சுமார் 28,000 லிட்டர் காத்து இருக்கு. தூங்குற பெரியவர் ஒருத்தர் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடறார். மூணு பேர்னா 36 லிட்டர். ரூம் முழுக்க அடைச்சிருந்தா ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் பி.பி.எம்.முக்கு மேல ஏறும். வெளிக்காத்துல இருக்கிறதே சுமார் 420 பி.பி.எம். தான்.

இது கார்பன் மோனாக்சைடு மாதிரி கொல்லாது, பயப்படாதீங்க. ஆனா நீங்க விட்ட மூச்சையே நீங்களும் பக்கத்துல இருக்கிறவரும் திரும்ப இழுக்கறீங்கன்னு அர்த்தம். ஒருத்தருக்கு சளி, ஃப்ளூ, காசநோய்னா மத்தவங்களுக்கும் அதுல பங்கு உண்டு. காலையில தலை பாரமா எழுந்திருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வருதுன்னு பலர் நம்பறாங்க. பொதுவா கொண்டு வராது. உள்ள இருக்கிற அதே காத்தை இழுத்து, குளிர வச்சு, திரும்ப விடுது. வெளிய இருக்கிற பெட்டிக்கும் உள்ள இருக்கிற பெட்டிக்கும் நடுவுல போறது கேஸ் பைப், காத்து இல்ல.

16/
இப்போ என் ஃப்ரெண்டோட டக்ட் விஷயம். ஒரே மெஷின். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல குழாய் மாதிரி டக்ட் ஓடும். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு வாய் வழியா சூடான காத்தோ குளிர்ந்த காத்தோ வரும். இன்னொரு வழியா காத்து மெஷினுக்குத் திரும்பப் போகும். வெயில் காலத்துல ஏசி. குளிர்காலத்துல அதையே திருப்பிப் போட்டா ஹீட்டர். வெளிய இருக்கிற வெப்பத்தை உள்ள தள்றதால ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூணு யூனிட் சூடு கிடைக்கும்.

ஆனா பாருங்க, இதுவும் சூட்டு வேலை மட்டும்தான். திரும்பப் போற காத்தே திரும்ப வந்தா, வீடு முழுக்க ஒரே பெரிய ஸ்பிளிட் ஏசி. வெளிக்காத்து உள்ள வர தனி வழி இருந்தாதான் அது காத்து வேலையும் செய்யுது.

17/
குளிர்காலத்துல வெளிக்காத்தை அப்படியே உள்ள விட்டா சூடெல்லாம் போயிடுமே? அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. வெளிய போற வெதுவெதுப்பான காத்தும், உள்ள வர்ற குளிர்ந்த காத்தும் மெல்லிசான தகடுகளுக்கு ரெண்டு பக்கமும் போகும். கலக்காது, ஆனா சூடு மட்டும் கைமாறும். வெந்நீர் பாத்திரத்துக்குள்ள பால் டம்ளரை வச்சு சூடு பண்றோம் இல்லையா, தண்ணி பால்ல கலக்காது, சூடு மட்டும் போகும். அதே கதைதான். நைட்டிங்கேல் சொன்ன முழு விதியையும் ஒரு பெட்டிக்குள்ள வச்ச மாதிரி. குளிர் நாடுகள்ல புது வீடுகள்ல இது நிறைய இருக்கு.

18/
அதனால அவளை கொட்டேஷன் கொடுத்தவர்கிட்ட மூணு கேள்வி கேட்கச் சொன்னேன்.

ஒண்ணு: வெளிக்காத்து எந்த இடத்துல இருந்து உள்ள வருது, எவ்வளவு வருது? ஒரு ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர்ங்கறதை அளவா வச்சுக்கலாம். கொரோனா சமயத்துல உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு. சமையலறைப் புகைபோக்கி, ஜெனரேட்டர், கார் நிக்கிற இடம் பக்கத்துல இருந்து காத்தை இழுக்கக் கூடாது.

ரெண்டு: ஃபில்டரை, டக்டை யார் சுத்தம் பண்ணுவாங்க? மலையில மழைக்காலம் முழுக்க ஈரம். டக்டுக்குள்ள பூஞ்சை வந்தா அது எல்லா ரூமுக்கும் ஒரே நாள்ல போய்ச் சேரும். ஆஸ்துமா இருக்கிற வீட்டுக்கு அது நல்லதில்ல. ரிப்பேர்னா 70 வளைவு ஏறி ஆள் வருவாரா?

மூணு: கரண்ட் போனா? மழையில மரம் விழுந்து லைன் அறுந்தா மணிக்கணக்குல கரண்ட் வராது. அப்போ திறக்கிற மாதிரி ஜன்னல் வீட்டுல இருக்கா, இல்ல எல்லாம் ஃபிக்ஸ்டு கண்ணாடியா?

மூணாவது கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லலையாம். "பிளானைப் பார்த்துச் சொல்றேன்"னாராம்.

19/
என் சொந்தக் கருத்து: கொல்லிமலைக்கு ஏசி தேவையே இல்ல, ஃபேன் போதும். வருஷத்துல ரெண்டு மூணு மாச ராத்திரிக் குளிருக்கு வீடு முழுக்க டக்ட் அதிகம். அதே பணத்துல கூரைக்கு வெப்பத்தடுப்பு, பகல் வெயில் உள்ள விழற மாதிரி ஜன்னல், படுக்கை ரூமுக்கு கரண்ட்ல ஓடுற ஆயில் ஹீட்டர், சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிரெதிர் சுவர்ல மேல மூட முடியாத சின்னக் காத்துத் துளை. இவ்வளவும் போதும். வயசான அப்பா அம்மா, நுரையீரல் நோயாளி இருக்கிற வீடு, பராமரிக்க வசதியும் இருக்குன்னா, வெளிக்காத்து வழியோட டக்ட் போடுங்க. அது ஆடம்பரம் இல்ல. வெளிக்காத்து வழி இல்லாத டக்டை மட்டும் எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வாங்காதீங்க.

20/
எல்லாருக்கும் பொதுவா சிலது:

• தணல் சட்டியை, கரி அடுப்பை, பார்பிக்யூவைப் படுக்கை ரூமுக்கோ டென்ட்டுக்கோ உள்ள கொண்டு போகவே கூடாது. "அஞ்சு நிமிஷம்தான்"னும் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போறவங்க ரூம் பையன்கிட்ட தணல் கேட்காதீங்க.
• கேஸ் கீசரை பாத்ரூமுக்குள்ள வைக்காதீங்க. அடைச்ச பாத்ரூம்ல அதுவும் இதே வாயுவைத் தரும்.
• ஜெனரேட்டர் எப்பவும் வீட்டுக்கு வெளிய, ஜன்னலை விட்டுத் தள்ளி.
• விறகு அடுப்புதான்னா புகைபோக்கி வைங்க. கைக்குழந்தையை அடுப்புப் பக்கத்துல படுக்க வைக்காதீங்க.
• குளிர் எவ்வளவு இருந்தாலும் ஒரு ஜன்னல் நாலு விரல் அளவு திறந்திருக்கட்டும். இன்னொரு போர்வை போர்த்திக்கோங்க. (தணல் இருந்தா நாலு விரல் ஜன்னல் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. தணலே கூடாது.)

21/
ஒரே வீட்டுல பல பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, வாந்தி, மயக்கம், ஆனா காய்ச்சல் இல்ல. வெளிய வந்தா கொஞ்சம் தெளியுது. அப்படின்னா முதல் சந்தேகம் காத்து மேல வரணும். கதவைத் திறந்து எல்லாரையும் வெளிய இழுங்க. 108-க்கு போன் பண்ணுங்க. ஆஸ்பத்திரியில "ரூம்ல தணல் இருந்துச்சு"ன்னு நீங்களே முதல்ல சொல்லுங்க. என்னை மாதிரி ஒரு டாக்டர் கேட்க மறந்திருக்கலாம். தெளிஞ்சு வீடு திரும்பின பிறகும், சில வாரம் கழிச்சு மறதி, நடை தடுமாற்றம், குணமாற்றம் வரலாம். அப்படி வந்தா உடனே மறுபடி காட்டணும்.

22/
அந்தப் பொண்ணுக்கு பங்குனியில குழந்தை பிறந்துச்சு. பெண் குழந்தை. அழுதுச்சு, பால் குடிச்சுச்சு. தடுப்பூசிக்கு வர்றப்பல்லாம் நான் அந்தக் குழந்தையோட கண்ணு நம்ம விரலைத் தொடர்ந்து வருதா, தலை நிக்குதான்னு மத்த குழந்தைகளை விட ரெண்டு தடவை அதிகமா பார்த்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு.

அடுத்த மார்கழிக்கு முன்னாடி அந்த வீட்டுப் பக்கம் போனேன். புது வீட்டுக் கதவுக்கு மேலயும், எதிர்ச் சுவர்லயும் காங்கிரீட்டை உடைச்சு ஜாலி வச்சிருந்தார். ஆயா பழைய வீட்டு அடுப்புக்குத் தகரத்துல ஒரு புகைபோக்கி வைக்கச் சம்மதிச்சிருந்தாங்க. ஆனா புது வீட்டுக்குப் படுக்க வரலை.

"ஏன் ஆயா, இப்பதான் ஓட்டை வச்சாச்சே?"

"ஓட்டை வச்சாச்சு. ஆனா அங்க குளுருது அம்மிணி."

சரிதானே? சூடு வேற, காத்து வேற. ரெண்டும் இருந்தாத்தான் அது வீடு. ஆயாவுக்கு இன்னும் ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்துட்டு இறங்கினேன்.

இந்த இழையை மலைப்பக்கம் ஹோம்ஸ்டே நடத்துற, டூர் போற உங்க நண்பர்களுக்கு அனுப்புங்க. இன்னைக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உங்க ரூம்ல வெளிக்காத்து எந்த வழியா வருதுன்னு ஒரு தடவை பாருங்க.